பொருக்கு தட்டாத காயம் ஏன் சீக்கிரம் ஆறுகிறது?

முழங்கால் சிராய்த்துக்கொண்டால், “மூடாதே, காற்றாட விடு, பொருக்கு தட்டினால் ஆறிவிடும்” என்பார்கள். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்தே விட்டார். மற்றவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது.

காயத்தின் விளிம்பிலும் மயிர்க்கால்களிலும் மிஞ்சியிருக்கும் தோல் செல்கள் ஈரமான பரப்பில்தான் ஊர்ந்து போகும். காயம் உலர்ந்தால் மேலே உள்ள திசுவும் செத்துப் பொருக்கோடு இறுகிவிடும். செல்கள் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கி, குறுக்கே நிற்கும் புரதத்தை நொதிகளால் கரைத்துக் கரைத்து முன்னேற வேண்டும். ஈரக் காயத்தில் அந்தச் சுற்றுவழி இல்லை. கசியும் தெளிந்த நீரைச் சீழ் என்று பயந்து துடைத்தெடுக்க வேண்டாம். செல்களைப் பெருகவைக்கும் வளர்ச்சிக் காரணிகள் அதில்தான் இருக்கின்றன.

தழும்பிலும் ஈரத்துக்குப் பங்குண்டு. இளந்தோலால் நீரைப் பிடித்துவைக்க முடியாது. அது வறண்டால் அழற்சி நீடிக்கிறது; அடியிலுள்ள செல்கள் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்க, தழும்பு தடிக்கிறது.

ரத்தத்தை அழுத்தி நிறுத்துங்கள். மண் போகும்வரை குழாய் நீரில் சில நிமிடம் கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். கிருமியோடு புதுச் செல்களையும் அது கொல்லும். காப்பித்தூள், மஞ்சள்தூளும் வேண்டவே வேண்டாம். வாஸ்லினை மெல்லிய படலமாகத் தடவி, ஒட்டாத பேண்டேஜால் மூடுங்கள். டப்பாவைவிட ட்யூப் நல்லது, பலர் விரல் படாது. தினம் ஒருமுறை மாற்றுங்கள், நனைந்தால் உடனே. சுற்றியுள்ள தோல் வெளுத்துச் சுருங்கினால் ஈரம் மிஞ்சிவிட்டது: வாஸ்லினைக் குறைத்து, பேண்டேஜை அடிக்கடி மாற்றுங்கள்.

இது சின்னக் காயங்களுக்கு மட்டும். நாய் கடித்தால் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, கட்டுப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளியின் பாதப் புண், ஆழமான குத்துக்காயம், பரவும் சிவப்பு, கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல் எல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

ஏற்கெனவே பொருக்கு கட்டியிருந்தால் பிய்க்காதீர்கள்; அடியில் படர்ந்த புதுத்தோலும் கிழியும். வாஸ்லின் தடவி மூடிவைத்தால் இளகித் தானே உதிரும்.