குளிரூட்டி அல்ல, குளிர்பொருள்

‘இயற்கைக் குளிரூட்டிக்கு மாறும் ஐஸ்கிரீம் கடைகள்’ என்ற மாதிரி ஒரு தலைப்பைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? நுங்கு, மோர், வெள்ளரிப்பிஞ்சு. கோடை வந்தால் பத்திரிகைகள் ‘உடலுக்கு இயற்கைக் குளிரூட்டி’ என்று எழுதுவது அவற்றைத்தான். ஆனால் செய்தி ஃப்ரீசர் குழாய்க்குள் ஓடும் வாயுவைப் பற்றியது. ஆங்கிலத்தில் அதற்கு ரெஃப்ரிஜிரன்ட் என்று பெயர். அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் குளிரூட்டி என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவது இப்போது பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கம் நிற்க வேண்டும்.

மூலத்தை முதலில் முடித்துவிடுவோம். லத்தீனில் ஃப்ரீகுஸ் என்றால் குளிர். அதிலிருந்து வந்தது ரெஃப்ரிஜிரன்ட். ஆங்கிலத்தில் இந்தப் பெயர் காய்ச்சல் சூட்டைத் தணிக்கும் மருந்துக்கும் இருந்தது. அந்தப் பொருளில் குளிரூட்டி என்றால் எனக்கு மறுப்பில்லை. இயந்திரத்துக்குள் இருப்பது வேறு. மூடிய குழாய்க்குள் ஒரு திரவம் மிகக் குறைந்த வெப்பநிலையில் கொதித்து ஆவியாகிறது. ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளியே தள்ள, வாங்கிய வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. ஃப்ரீசரின் பக்கவாட்டில் கை வைத்தால் சுடுவது இதனால்தான்.

ஆக, இது குளிரை ஊட்டவில்லை, வெப்பத்தை எடுக்கிறது. ஆனாலும் ‘ஊட்டி’யைப் பிடித்துக்கொண்டு நான் சண்டைக்கு வரவில்லை. குளிரூட்டப்பட்ட பேருந்து என்று எல்லோரும் சொல்கிறோம், அது நல்ல தமிழ்தான். சிக்கல் என்னவென்றால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். ஏசியும் குளிரூட்டி, கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட்டும் குளிரூட்டி, நுங்கும் குளிரூட்டி. ‘குளிரூட்டியில் குளிரூட்டி கசிந்தது’ என்று எழுதினால் படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்?

இதைவிட மோசமானது ‘பசுமை வாயு’. புவியைச் சூடாக்கும் வாயுக்களைப் பசுமை இல்ல வாயு, பசுங்குடில் வாயு என்று பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதற்கு மாற்றாக வரும் நல்ல பொருளுக்குப் பசுமை வாயு என்று பெயர் வைத்தால், இடையில் இருக்கும் ‘இல்ல’ ஒன்றுதான் நோயையும் மருந்தையும் பிரிக்கிறது. கரியமில வாயுவுக்கு வந்தால் குழப்பம் முற்றிவிடும். அது பசுங்குடில் வாயு. அதே சமயம் பெரிய சூப்பர்மார்க்கெட் ஃப்ரீசர்களில் நல்ல மாற்றாகவும் இருக்கிறது. ஒரே கட்டுரையில் அதைப் பசுமை இல்ல வாயு என்றும் பசுமை வாயு என்றும் எழுதினால் படிப்பவர் எழுதியவரைத்தான் சந்தேகப்படுவார்.

தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலர் ‘குளிர்பதனி’ என்கிறார்கள். குளிர்பதனம் அழகான சொல். பதனம் என்றால் கெடாமல் பேணுதல். குளிரால் பேணுவது குளிர்பதனம். ஆனால் பேணுவது பெட்டி, குழாய்க்குள் ஓடுகிற பொருள் அல்ல. ஆகவே குளிர்பதனி என்ற பெயர் பெட்டிக்குத்தான் பொருந்தும். அப்புறம் தென் மாவட்டங்களில் பதனி என்றால் பதநீர். திருநெல்வேலிக்காரர் காதில் இந்தச் சொல் எப்படி விழும் என்று யாராவது ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

என் பரிந்துரை குளிர்பொருள். எரிபொருள், வெடிபொருள் போல இதுவும் வினைத்தொகை. எரிபொருள் தானே எரிகிறது, வெடிபொருள் தானே வெடிக்கிறது. குளிர்பொருளும் முதலில் தான் குளிர்கிறது. அது பெட்டியை விடக் குளிர்ந்திருப்பதால்தான் வெப்பம் அதற்குள் இறங்குகிறது. இலக்கணமும் இயற்பியலும் ஒத்துப்போகும் இடம் இது. குளிர்பானம் போலத் தொனித்து ‘குளிர்ந்த பொருள்’ என்று ஆகிவிடாதா என்று கேட்கலாம். அந்தத் தயக்கம் இருப்பவர்கள் முதல் தடவை குளிர்பதனப் பொருள் என்று நீட்டி எழுதட்டும்.

சரி, அதற்கு முன்னால் ‘இயற்கை’ என்று போடலாமா? கூடாது என்பேன். இன்று இயற்கை என்று சொல்லப்படும் அம்மோனியாவும் கரியமில வாயுவும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வேலையைச் செய்தவை. 1930 வாக்கில் ஃப்ரீயான் என்ற வணிகப் பெயரில் சிஎஃப்சி (குளோரோஃப்ளூரோகார்பன்) வந்தது. அது வானில் நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தைத் தின்றதால், அதைக் கைவிட 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை என்ற உலக ஒப்பந்தம் வந்தது. சிஎஃப்சிக்குப் பதில் வந்த எச்எஃப்சி (ஹைட்ரோஃப்ளூரோகார்பன்) ஓசோனை விட்டுவைத்தது, புவியைச் சூடாக்கியது. கடை ஃப்ரீசர்களில் பரவலாக இருந்த ஆர்-404ஏ என்ற எச்எஃப்சி கலவை, நூறாண்டுக் கணக்கில், அதே எடைக் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 3900 மடங்கு சூடேற்றும். இயற்கை என்று சொல்லப்படும் இன்னொன்றான புரோப்பேனுக்கு இந்த எண் 5-க்கும் கீழே, அம்மோனியாவுக்குப் பூஜ்யம். மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் செய்த திருத்தத்தின்படி இந்தியா எச்எஃப்சியை 2032-இல் குறைக்கத் தொடங்கி 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

இதில் பேச்சு முழுக்கச் சூடேற்றத்தைப் பற்றியது. ஆகவே ‘சூடேற்றம் குறைந்த குளிர்பொருள்’ என்பதே நேர்ப்பெயர். குளிர்பதனத்துக்கு வரும் அம்மோனியாவும் புரோப்பேனும் தொழிற்சாலையிலும் சுத்திகரிப்பு ஆலையிலும் இருந்து வருபவை. இயற்கை என்றதும் நம் மக்கள் தீங்கில்லாதது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும். புரோப்பேன் தீப்பற்றும். ‘காலநிலை நட்பு’, ‘சூழல் நட்பு’ என்பவையும் அகராதியைப் பார்த்து ஒட்டவைத்தவை. காலநிலையைக் கெடுக்காத என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்து மொழிபெயர்க்கிறவர்களால் வருகிற வினை இது.

மெக்கானிக்குகள் பேச்சு தனி. அவர்களுக்கு எல்லாமே ‘கேஸ்’. ‘கேஸ் இறங்கிடுச்சு, கேஸ் அடிக்கணும்.’ பழைய வாயுக்கள் இருந்த காலத்தில் அது போதுமாக இருந்தது. இப்போது சிறிய ஐஸ்கிரீம் ஃப்ரீசர்களில் ஆர்-290 வருகிறது. அது புரோப்பேன். சமையல் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்திருக்கும் அதே பொருள். ஒரு மூடிய குழாய்ச் சுற்றுக்கு 150 கிராம் வரை என்பது நெடுநாள் இருந்த சர்வதேச வரம்பு, 2019-இல் அது 500 கிராம் வரை உயர்ந்தது. உள்ளே கேஸ் இருக்கும்போதே குழாயைப் பற்றவைக்க, அதாவது வெல்டிங் வைக்க, போனால் விபத்துதான். கம்ப்ரஸர் பக்கத்தில் சுடர் படம் போட்ட மஞ்சள் முக்கோணம் ஒட்டியிருப்பார்கள். அதன் கீழே தமிழில் ஒரு வரி சேர்க்கச் சொன்னால் நான் எழுதுவது: ‘குளிர்பொருள்: புரோப்பேன். தீப்பற்றும். முழுவதும் வெளியேற்றாமல் குழாயில் வெல்டிங் வைக்காதீர்கள்.’