வரையாடு

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டாட்டை 'நீலகிரி தார்' என்று செய்திகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அதைவிடச் சரியான பெயர் நம்மிடமே இருக்கிறது: வரையாடு.

'தார்' இமயமலைப் பக்கத்துச் சொல். அங்குள்ள ஒரு காட்டாட்டின் பெயர். நம் மலையில் இருப்பதும் அதே வகைதான் என்று நெடுங்காலம் நினைத்ததால் இங்கேயும் ஒட்டிக்கொண்டது. 2005இல் மரபணுவை ஆராய்ந்தபோது, இது செம்மறிக்குத்தான் நெருங்கிய உறவு என்று தெரிந்து தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். தமிழில் 'ஆடு' வெள்ளாட்டுக்கும் பொது, செம்மறிக்கும் பொது. அதனால் நம் பெயரில் திருத்த ஒன்றுமில்லை. அறிவியல் பெயரில் வரும் 'ஹைலோகிரியஸ்' என்பதற்குக் கிரேக்கத்தில் 'காட்டுக் கிடா' என்று பொருள். அதுவும் பொருந்தவில்லை, அடர்ந்த சோலைக்குள் இது தங்குவதில்லை.

சரி, 'வரை' என்றால்? மலை, மலைச்சரிவு. அருவி இறங்குகிற அந்தச் செங்குத்துப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வருடை என்ற இன்னொரு பெயர் சங்கப் பாடல்களிலேயே உண்டு.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் இவற்றைப் பார்க்கலாம். சரிவில் புல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். சட்டென்று தலை நிமிரும். அப்புறம் பார்த்தால், நம் கண்ணுக்குக் கால்வைக்க இடமே தெரியாத பாறை விளிம்பில் நிற்கும். முதிர்ந்த கிடாவுக்குக் கரும்பழுப்பு உடம்பில் சேணம் போட்டதுபோல ஒரு வெளிர்த் திட்டு.

இதன் பிழைப்பே புல்லுக்கும் பாறைக்கும் இடையில்தான். குட்டையான புல்வெளியில் சிறுத்தையோ செந்நாயோ வருவது தூரத்திலேயே தெரியும். தெரிந்ததும் பாறைக்கு ஏறிவிடும். அதனால் எவ்வளவு நல்ல புல் இருந்தாலும் பாறையை விட்டு வெகுதூரம் போகாது. வெயில் நேரத்தில் படுத்திருப்பதும் பாறை ஓரத்தில்தான். இப்படித் தப்பி ஏறும் பாறைச் சரிவை ஆய்வாளர்கள் 'எஸ்கேப் டெரைன்' என்று எழுதுவதற்கு நான் 'வரை' என்றே எழுதுவேன். புல்வெளியில் சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நட்டு நிரப்பிய இடங்களில் வரை அப்படியே நிற்கிறது. மேய்ச்சலும் இல்லை, தூரப் பார்வையும் இல்லை. ஆடும் இல்லை.

'நீலகிரி' என்ற அடைமொழியும் தேவையில்லை. இவை மிகுதியாக வாழ்வது கேரளத்தில், மூணாறுக்கு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில். எழுதும்போது வரையாடு, வரையாட்டை, வரையாட்டுக் குட்டி என்று எழுதினால் போதும்.