சோதனைச் சேர்வர் ஏன் சொல் கேட்கவில்லை?

கல்முனையில் வேலை செய்யும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய நிறுவனம் கடைகளுக்காக வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருளை நடத்துகிறது. சேர்வர்களை ஒழுங்குபடுத்த செஃப் என்ற கருவி. அதில் 'வெப் சேர்வர்' என்ற ரோலில் குறுஞ்செய்தியை 'இயக்கு' என்றும், 'சோதனை' என்ற சூழலில் 'நிறுத்து' என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டுமே டிஃபோல்ட் மதிப்புகள், அதாவது வேறு எதுவும் மேலோங்காதவரை செல்லுபவை. ஆனாலும் சோதனைச் சேர்வரிலிருந்து உண்மையான ஆட்களுக்குச் செய்தி போய்விட்டது. ஏன்?

ரோல் ஒரு சேர்வரின் வேலையைச் சொல்லும். சூழல் அது சோதனைக்கா, வாடிக்கையாளருக்கு உண்மையில் சேவை செய்யும் புரொடக்‌ஷனுக்கா என்று சொல்லும். ஒரு சேர்வருக்குப் பல ரோல்கள் இருக்கலாம், சூழல் ஒன்றுதான். சேர்வரை அமைக்கும் கட்டளைகளின் தொகுப்பான குக்புக்கின் எந்தப் பதிப்பு ஓடவேண்டும் என்பதையும் சூழலிலேயே பூட்டி வைக்கலாம். இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததே.

ஒரே அமைப்புக்கு ரோலும் சூழலும் வெவ்வேறு மதிப்பு கொடுத்தால் எதன் சொல் நிற்கும் என்பதில்தான் எனக்குத் தீராத வியப்பு. செஃப் மொத்தம் 15 படிகள் வைத்திருக்கிறது. கீழே டிஃபோல்ட், நடுவில் நோர்மல், அதற்கு மேல், கீழே உள்ளவற்றை மீறும் ஓவர்ரைட். டிஃபோல்ட் அடுக்கில் முதலில் குக்புக், அதை வெல்வது சூழல், சூழலை வெல்வது ரோல். வாசகியின் 'நிறுத்து' தோற்றது இங்கேதான்.

ஓவர்ரைட் அடுக்குக்கு ஏறினால் இந்த வரிசை புரண்டுவிடுகிறது! அங்கே குக்புக்கை ரோல் வெல்லும், ரோலைச் சூழல் வெல்லும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். வழமையான மதிப்புகளில், அந்தச் சேர்வரின் வேலையை அறிந்த ரோலுக்கு முன்னுரிமை இருப்பது நியாயம். 'சோதனையில் யாருக்கும் செய்தி போகவே கூடாது' என்பது அப்படிப்பட்டதல்ல. எந்த ரோல் வந்து ஒட்டினாலும் அசையக்கூடாத கட்டளை அது. ஆகவே இறுதிச் சொல் சூழலுக்கு. 'நிறுத்து' என்பதைச் சோதனைச் சூழலின் ஓவர்ரைட்டுக்கு மாற்றினால் போதும், ரோலைத் தொடவே வேண்டாம்.

ஆக உச்சியில், சேர்வரை ஆராயும் செஃப்பின் துணைக்கருவியான ஓஹாய் திரட்டும் தகவல்கள் இருக்கின்றன: ஐபி முகவரி, நினைவகம் போன்றவை. அவற்றை எந்த ஓவர்ரைட்டாலும் மாற்ற முடியாது. இயந்திரத்தில் உண்மையாக இருப்பதற்கு மேல் எவர் விருப்பமும் செல்லாது என்ற இந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

செஃப்பைப் போன்ற இன்னொரு கருவியான அன்சிபிளிலும் இதே சிந்தனையைக் காணலாம். ரோலின் டிஃபோல்ட்ஸ் கோப்பில் எழுதியதை, ஒரு சேர்வர் குழுவுக்கென எழுதும் குழு மாறிகள் வெல்லும், அதே ரோலின் வார்ஸ் கோப்பில் எழுதியதை அவற்றால் வெல்ல முடியாது.

இந்தக் கருவிகளின் முன்னோடி சிஎஃப்என்ஜின். 1993இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் பர்ஜெஸ் என்ற இயற்பியலாளர், அங்கிருந்த கணினிகளைப் பராமரிக்க எழுதியது அது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் உடைத்துப் பார்க்க நாலு பழைய சேர்வர்களாவது வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்பவர்களோடு நான் உடன்படவில்லை. சேர்வர் அறை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டும் அச்சமும், உள்ளே நடப்பது விளங்கினால்தான் விலகும்.

வாசகிக்கு இன்னொன்று. அடுத்த முறை சந்தேகம் வந்தால் குக்புக்கில் உள்ள ரெசிப்பி என்ற கட்டளைக் கோப்புக்குள் நோட்.டிபக்_வேல்யூ என்பதை அழைத்துப் பாருங்கள். அந்த அமைப்புக்கு ஒவ்வொரு படியிலும் என்ன மதிப்பு எழுதப்பட்டிருக்கிறது என்று வரிசையாகக் காட்டிவிடும்.