மலைநாட்டு கரண்ட் பில்லைக் கூட்டுவது எது?

கரண்ட் மிச்சம் பிடிக்கச் சொல்லும் அறிவுரைகளில் முக்கால்வாசி கொழும்பு வெக்கையை மனதில் வைத்து எழுதியவை. ஏசியைக் குறை, மின்விசிறியை நிறுத்து என்பார்கள். நுவரெலியாவில் எத்தனை வீட்டில் மின்விசிறி சுற்றுகிறது? அப்படியும் பில் ஏறுகிறது. காரணத்தை மீட்டரிடமே கேட்கலாம்.

புது மாதிரி மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்று முகப்பிலேயே போட்டிருக்கும். 1600 என்று வையுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை மட்டும் போட்டால், ஒருமுறை மின்னி மறுமுறை மின்ன நான்கு நிமிடத்துக்கு மேலாகும். பல்பை அணைத்து 1800 வாட் கேத்தலைப் போடுங்கள். நிமிடத்துக்கு 48 தடவை மின்னும். பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு எண்ணுங்கள், ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

ஆக, இங்கே பில்லைக் கூட்டுவது வெளிச்சமல்ல, சூடு. அதிலும் பெரும்பங்கு சுடுதண்ணிக்கு.

தண்ணீர் சூடேற நிறையச் சக்தி கேட்கும் பொருள். ஒரு லிட்டரை ஒரு பாகை ஏற்ற சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க, கேத்தல் சூடாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 0.1 யூனிட் போய்விடும். நம் லக்சபான நீர்மின் நிலையத்தில் 1950 முதல் தண்ணீரை விழவிட்டுத்தானே கரண்ட் எடுக்கிறார்கள்? அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 100 லிட்டர் தண்ணீர் 367 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். அதுவும் வழியில் கொஞ்சமும் வீணாகாமல்!

இரண்டு கோப்பை தேத்தண்ணிக்கு 400 மில்லிலிட்டர் போதும். நாமோ ஒன்றரை லிட்டர் கேத்தலை நிரப்பி வைக்கிறோம். மிச்சம் ஆறிப்போய், அடுத்த தடவை மறுபடி கொதிக்கிறது. நாளைக்கு ஐந்து தடவை இப்படி நடந்தால் மாதம் 16 யூனிட் வரை வீண். கோப்பையாலேயே அளந்து ஊற்றுங்கள். கூடுதலாகக் கொதித்துவிட்டால் பிளாஸ்கில் ஊற்றிவிடலாம். கேத்தல் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஆவி போய்ப் பட்டு உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு வளைந்தால்தான் சுவிட்ச் தானாக விழும். மூடி திறந்திருந்தால் ஆவி வெளியே போய்விடும், கேத்தல் கொதித்துக்கொண்டே இருக்கும்.

கொதிப்பதிலும் மலைக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கடலை வேக ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மாமார் சலித்துக்கொள்வது இதனால்தான். உடனே கை அடுப்பைக் கூட்டப் போகும். ஆனால் எவ்வளவு கூட்டினாலும் திறந்த சட்டியில் தண்ணீர் 94 பாகையைத் தாண்டாது, கூடுதல் கரண்ட் முழுக்க ஆவியாகப் போகும். கொதிக்கும் ஒரு லிட்டரை ஆவியாக்க 0.63 யூனிட் வேண்டும். கொதிக்க வைத்த செலவைப்போல ஆறு மடங்குக்கும் மேல்! அதனால் கொதி வந்ததும் அடுப்பைக் குறைத்து மூடி போடுங்கள். கடலை, பயறை இரவே ஊறப் போடுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் இன்னும் நல்லது. அதற்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 110 பாகைக்கு மேலும் போகும்.

இதே ஆவிக் கணக்கு அயன் மேசையிலும் இருக்கிறது. மழைக்காலத்தில் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை காயாது. காலையில் ஈரத்தோடு அயன் பண்ணியே காய வைப்போம். துணியில் கால் லிட்டர் தண்ணீர் நின்றால் அதை விரட்டவே கிட்டத்தட்ட 0.2 யூனிட். முதல்நாள் இரவே அடுப்படிக் கொடியில் போட்டுவிட்டால் அந்த வேலையை அடுப்பின் சூடே செய்துவிடும்.

குளியலறை ஹீட்டர்தான் பெரிய ஆள். 3500 வாட் ஹீட்டரில் பத்து நிமிடம் குளித்தால் 0.6 யூனிட். நான்கு பேர் தினமும் குளித்தால் மாதம் 70 யூனிட். வாளியில் ஹீட்டர் கம்பி போடுவது மலிவு என்று நினைப்போம். 15 லிட்டரை 40 பாகைக்கு ஏற்ற அதுவும் 0.4 யூனிட் கேட்கும். ஐந்து நிமிட ஷவர் அதைவிடக் குறைவு. கம்பிதான் போடுகிறீர்கள் என்றால், பிளக்கைக் கழற்றாமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள், உயிர் போய்விடும்.

பிரிஜ்ஜைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். வெளியே குளிராக இருப்பதால் இங்கே அதற்கு வேலை குறைவு.

மாதம் 60 யூனிட் என்ற கோட்டையும் கவனியுங்கள். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே வேறு கட்டணப் பட்டியல். நிலையான கட்டணமும் ஏறும். 64 யூனிட் ஓடும் வீட்டுக்கு, கேத்தலில் அளந்து ஊற்றுவது ஒன்றே போதும், கோட்டுக்குள் வந்துவிடலாம். பில் வந்த திகதியையும் அன்று மீட்டர் காட்டும் யூனிட் கணக்கையும் கலண்டரில் குறித்து வையுங்கள். 15 நாள் கழித்துப் பார்க்கும்போது அது 30க்கு மேல் கூடியிருந்தால், மிச்ச நாளுக்குள் சரிக்கட்ட இன்னும் நேரம் இருக்கிறது.