உடலுக்குள் நீந்த ஏன் திருகாணி வேண்டும்?

நீந்திக்கொண்டிருக்கும் பாக்டீரியா ஒன்று சட்டென்று நிறுத்திக்கொண்டால், அந்த வேகத்திலேயே எவ்வளவு தூரம் போகும்? நோபல் பரிசு பெற்ற அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் இதைக் கணக்கிட்டு 1977-இல் எழுதினார். விடை: ஒரு ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஒரு மைக்ரோ நொடிகூட ஆகாது, நின்றுவிடும். குளத்தின் சுவரை உதைத்துவிட்டுச் சும்மா இருந்தாலே நாம் சில அடி தூரம் மிதந்து போவோம். பாக்டீரியாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மருத்துவத்துக்கான மைக்ரோ ரோபோ என்றதும், அவ்வளவு சிறிய இயந்திரத்தை எப்படிச் செய்கிறார்கள் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட வியப்பூட்டுவது, அதை எப்படி நகர்த்துகிறார்கள் என்பது. ஒரு பொருளின் நீளத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் அதன் நிறை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதே வேகத்தில் நகரும்போது நீரின் பாகுத்தன்மை, அதாவது அதன் பிசுபிசுப்பு, அதைப் பிடித்திழுக்கும் விசையோ பத்தில் ஒரு பங்குதான் ஆகும். சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு வந்துவிட்டால் உந்தம் என்ற ஒன்றே கணக்கில் வராது. பாகுத்தன்மை மட்டுமே ஆட்சி செய்யும்.

அங்கே நமக்குத் தெரிந்த நீச்சல் எதுவும் பலிக்காது. கடலில் ஒருவகைச் சிப்பி ஓட்டை மெல்லத் திறந்து, படக்கென்று மூடி, நீரைப் பீய்ச்சி முன்னேறும். அதையே பாக்டீரியா அளவுக்குச் சுருக்கினால், திறக்கும்போது எவ்வளவு தள்ளப்படுகிறதோ, மூடும்போது அவ்வளவும் திரும்பி வந்துவிடும். மெதுவாகச் செய்தாலும் வேகமாகச் செய்தாலும் ஒன்றுதான். போன வழியே திரும்பும் எந்த அசைவும் அங்கே வீண் என்று பர்செல் காட்டினார். விறைப்பான துடுப்பை முன்னும் பின்னும் ஆட்டினாலும் இதே கதிதான்.

பாக்டீரியாக்கள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டன. ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் கசையிழைகள், அதாவது அது நீந்தப் பயன்படுத்தும் வால்போன்ற இழைகள், சாட்டைபோல் வீசப்படுவதில்லை, சுழல்கின்றன என்று 1973-இல் ஹோவர்ட் பெர்க்கும் ராபர்ட் ஆண்டர்சனும் விளக்கினார்கள். இழையின் வடிவம் சுருள். மெல்லிய கம்பியைப் பாகுத்தன்மை மிகுந்த திரவத்தில் குறுக்காக இழுக்க, நீளவாக்கில் இழுப்பதைவிட ஏறக்குறைய இருமடங்கு விசை தேவை. சுருளின் ஒவ்வொரு துண்டும் சாய்ந்திருப்பதால், சுழலும்போது இந்த வேறுபாடு அதைச் சற்றே அச்சின் திசையில் தள்ளுகிறது. எல்லாத் துண்டுகளின் தள்ளலும் சேர்ந்து முன்னேற்றம் ஆகிறது. சுழற்சி ஒரே திசையில் தொடர்வதால், வந்த அசைவைத் திருப்பிச் செய்ய வேண்டிய நிலையே வருவதில்லை.

2009-இல் ஹார்வர்டின் ரோலண்ட் நிறுவனத்தில் அம்பரீஷ் கோஷும் பியர் ஃபிஷரும் இந்தச் சுருளைக் கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்கன் டை ஆக்சைடில் செய்தார்கள். நுண்ணிய மணிகள் பரப்பிய தகட்டை வெற்றிடத்தில் வைத்து, அந்தப் பொருளின் ஆவியை மிகச் சாய்வாகப் படியவிட்டார்கள். ஒரு மணியின் நிழல் அடுத்த இடத்தை மறைப்பதால் படிவு மணிகளின் மேல் மட்டும் வளரும். தகட்டை மெல்லச் சுழற்றினால் அது திருகாணியாக வளரும். நீளம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். ஒரு பக்கம் கோபால்ட் பூசி, காந்தத் திசை திருகாணிக்குக் குறுக்கே இருக்கும்படி காந்தமேற்றினார்கள். இதில் மோட்டாரும் இல்லை, மின்கலமும் இல்லை. வெளியே உள்ள சுருள்கம்பிகள் காந்தப்புலத்தைச் சுழற்ற, திருகாணியும் கூடவே சுழன்று நொடிக்கு 40 மைக்ரான் அளவில் நகர்ந்தது.

காந்தத்தால் நேராக இழுத்துவிடலாமே என்று தோன்றும். இழுவிசை பருமனைப் பொறுத்தது. துகள் சிறுக்கச் சிறுக்க அது படுவேகமாகக் குறைந்துவிடும். சுழற்றுவதற்கோ சில மில்லிடெஸ்லா அளவுள்ள பலவீனமான காந்தப்புலமே போதும்.

சரி, இதை ரத்தத்தில் விட்டால்? மிக நுண்ணிய தந்துகிகளில்கூட ரத்தம் இந்தத் திருகாணியைவிடப் பல மடங்கு வேகமாக ஓடுகிறது. எதிர்நீச்சல் நடக்காது. அதனால் நீரோட்டம் இல்லாத இடங்களே இதற்கு ஏற்றவை என்பது என் கணிப்பு. கோஷ் இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார். 2022-இல் அவரது குழு வெளியிட்ட ஆய்வு பல்லைப் பற்றியது. பல்லின் உள்ளே சில மைக்ரான் அகலமே உள்ள நுண்குழாய்கள் ஏராளம். ரூட் கேனால் சிகிச்சையில் மருந்து எட்டாத அந்த ஆழத்தில் பாக்டீரியா பதுங்கிக்கொண்டால், நோய் மீண்டும் தலைதூக்கும். இரும்பு பூசிய திருகாணிகளை அந்தக் குழாய்களுக்குள் 2,000 மைக்ரான், அதாவது 2 மில்லிமீட்டர் ஆழம்வரை செலுத்தினார்கள். பிறகு காந்தப்புலத்தின் அதிர்வெண்ணை மாற்றி அவற்றைச் சூடேற்றி, சுற்றியிருந்த பாக்டீரியாவைக் கொன்றார்கள். வேலை முடிந்ததும் அதே காந்தப்புலத்தால் வெளியே கொண்டுவரவும் முடிந்தது.

கண்ணும் அப்படி ஓர் இடம். விழிக்கோளத்தின் உள்ளே நிரம்பியிருக்கும் விழிப்படிகக் கூழ், இழைகள் பின்னிய வலை. 2018-இல் ஃபிஷர் பங்கேற்ற ஜெர்மன் குழு, பூச்சி வழுக்கி விழும் குடுவைத் தாவரத்தைப் பார்த்து, திருகாணிக்கு வழுக்கும் பூச்சு கொடுத்தது. பன்றியின் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தப்பட்ட அவை கூழைத் துளைத்து விழித்திரைவரை போய்ச் சேர்ந்தன.

மீதமிருக்கும் பெரிய சிக்கல், உடலின் ஆழத்தில் இவை எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது. ஒரு மைக்ரான் திருகாணி தனித்து எந்த ஸ்கேனிலும் தெரியாது. கூட்டமாகச் செலுத்தி, அந்தக் கூட்டத்தின் நிழலைத்தான் தேட வேண்டியிருக்கிறது.