வெளுப்பாக எடுக்கச் சொல்லாதீர்கள்

கல்யாணம் முடிந்த ஒரு பெண் பென் டிரைவோடு எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். படங்களை எடுத்தது வேறு ஒருவர். "அண்ணா, என் முகத்த மட்டும் பழையபடி கொண்டுவர முடியுமா?" என்று கேட்டார். திறந்து பார்த்தால் நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் ஒரே வெள்ளைத் திட்டு. கழுத்து ஒரு நிறம், கை இன்னொரு நிறம். தாலி கட்டும் படத்திலிருந்து குடும்பப் படம்வரை அப்படித்தான். முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. படத்தில் வெள்ளையாக எரிந்துபோன இடத்தில் திரும்ப எடுக்க எதுவும் மிச்சம் இருக்காது. அவருக்குக் கொடுத்திருந்ததும் சுருக்கிய ஜேபெக் ஃபைல்கள் மட்டும்தான்.

ஒவ்வொரு கல்யாண சீசனிலும் இப்படிப் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எடுத்தவரைக் கேட்டால், "வீட்டுக்காரங்கதான் வெளுப்பா வேணும்னு சொன்னாங்க" என்கிறார். வீட்டுக்காரர்களைக் கேட்டால், "போட்டோகிராபர்தான் பொண்ணு கொஞ்சம் கறுப்பு, லைட் கூட்டி வைக்கணும்னு சொன்னார்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே தப்பை நம்புகிறது. கறுப்பாக இருப்பவர்களுக்கு அதிக லைட் வேண்டும் என்பதே அந்தத் தப்பு.

வேண்டாம். அதிக லைட் வேண்டாம், பெரிய லைட் வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

வெளிர்ந்த தோலில் முகத்தின் வடிவத்தை நிழல் காட்டும். கறுத்த தோலில், மாநிறத்தில், அதைக் காட்டுவது தோலின் மேல் விழும் பளபளப்பு. கன்னத்து எலும்பு, மூக்குத்தண்டு, தாடை விளிம்பு எல்லாம் அந்த மினுக்கத்தால்தான் எழுந்து தெரியும். கேமராவுக்கு மேலே சிறிய ஃபிளாஷை மாட்டி நேராக அடித்தால் அந்த மினுக்கம் ஊசிப்புள்ளி போல நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் நிற்கும். நம் கடற்கரைக் காற்றில் வியர்வை வேறு. 'முகம் எண்ணெய் வழியுது' என்று அதை எடிட்டில் அழிக்கப் போவார்கள். அப்போது முகத்தின் வடிவமும் சேர்ந்து அழிந்துவிடும். அதே ஆளை ஒரு பெரிய ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். மினுக்கம் அகலமாகப் பரவும், தோலின் நிறம் அப்படியே இருக்கும், முகம் உயிரோடு தெரியும். லைட் ஒரு துளிகூடக் கூடியிருக்காது.

அடுத்தது, கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். தனக்கு முன்னால் இருப்பதையெல்லாம் ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது அதன் குணம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவக் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணமகள் வெள்ளைச் சேலை, பின்னால் ஆலயத்தின் வெள்ளைச் சுவர். படம் முழுக்க வெள்ளை என்பதால் மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் இருண்டு போகும். உடனே 'பொண்ணு கறுப்பு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முகத்தில் என்ன குறை? மீட்டர் படித்தது சேலையை. ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்துப் பாருங்கள். மாநிறம் அந்த நடுச்சாம்பலுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கும். ஐரோப்பியத் தோல் ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், மேலே இருக்கும் என்பதால், அந்த ஊர் போட்டோகிராபர்கள் பாட வீடியோவில் 'ஒரு ஸ்டாப் கூட்டு' என்கிறார்கள். அதைக் கேட்டு இங்கே ஒரு மாநிற முகத்துக்கும் ஒரு ஸ்டாப் கூட்டினால் எரியாமல் என்ன செய்யும்?

வெள்ளைத் தோலை அளவாக வைக்கும் இந்த வழக்கம் பழையது. ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் கொடுத்த 'ஷெர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவர் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று அர்த்தம். பல நிறத்துப் பெண்களைச் சேர்த்த அட்டை 1990களில்தான் வந்தது. இன்று அந்த அட்டைகளுக்கு வேலை இல்லை. ஆனால் ஃபோனில் பியூட்டி மோடைத் தட்டியதும் முகம் எந்த நிறத்தின் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே சுமார் 8 டிகிரியில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 10 வாக்கிலும் செப்டம்பர் 1 வாக்கிலும் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒரு முறை, ஆவணி நடுவில் ஒரு முறை. இரண்டும் முகூர்த்த சீசன்! ஆலயத்திலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வெளியே வந்ததும் அந்த வெயிலில் ஜோடியை நிறுத்தி எடுக்கிறார்கள். கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கு நிழல் உதட்டில் விழும். நம்மூரில் உச்சி வெயில் 12:20 வாக்கில்தான். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது வெளியே எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமா? ஓட்டு வீட்டு வராந்தா போதும். நிழல் முடியும் இடத்திலிருந்து ஓரடி உள்ளே, வெளியே பார்த்தபடி நிறுத்துங்கள். முற்றத்து மண்ணில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே கண்ணுக்குள் வந்து நிற்கும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். இலையில் பட்டு வரும் பச்சை வெளிச்சம் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் ஏறும். வெள்ளை வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்து மேடையில் சுழலும் ஊதா, நீல லைட்டுகளைக் குடும்பப் படம் எடுக்கும் பத்து நிமிஷமாவது அணைக்கச் சொல்லுங்கள். கேட்டால் அணைப்பார்கள், யாரும் கேட்பதில்லை.

மேக்கப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோல் நிறத்தைவிட இரண்டு படி வெளிர்ந்த ஃபவுண்டேஷன் நேரில் ஓரளவு ஒப்பேறும், கேமராவில் ஏறாது. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ந்த கிரீம்கள் ஃபிளாஷில் வெள்ளையாகத் திருப்பி அடிக்கும். டிரயல் நாளிலேயே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

இனி நான் சொல்லப் போவது என் தொழில்காரர்களுக்கு. பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது ஒரு பெண்ணைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் டார்க், அதான் சரியா வரல" என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்ட முகம் அதற்குப் பிறகு அன்று முழுக்க இறுகியேதான் இருக்கும். நீங்கள் எந்த லென்ஸ் போட்டாலும் சரி. "சிரிங்க, சிரிங்க" என்று கத்தினாலும் உதடு மட்டும் நீளும், கண் சிரிக்காது. மூச்சை நன்றாக வெளியே விடச் சொல்லுங்கள், தோள் தானாக இறங்கும். உடம்பை லேசாகத் திருப்பி, எடையைப் பின்காலில் வைத்து, தாடையை முன்னால் நீட்டிக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள். சொல்வதைவிட நீங்களே நின்று காட்டினால் சீக்கிரம் புரியும். தாடையைக் கையால் பிடித்துத் திருப்பவே கூடாது. சேலை மடிப்போ முடியோ சரிசெய்ய வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கும் அக்காவையோ தோழியையோ கூப்பிடுங்கள். வயதான அப்பாமார் கேமராவைக் கண்டதும் விறைத்து நிற்பார்கள். ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்து, ரப்பர் விலை என்ன ஆச்சு என்று கேளுங்கள். பேச ஆரம்பித்ததும் எடுங்கள்.

கேமராவுக்கு முன்னால் நிற்பவர் நாம் சொல்வதையெல்லாம் கேட்பார். அதனால்தான் சாயங்கால வெளிச்சத்துக்கு முட்டம் பாறைக்குப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கடலுக்கு முதுகு காட்டி யாரையும் நிற்க வைக்காதீர்கள். நனைந்த பாறை என்றால் அலை அங்கே வந்து போகிறது. காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் என்ற திடீர்ப் பேரலை எழும்பும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனதை நாம் மறக்கக் கூடாது. எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மணல் மேட்டிலும் அதே வெளிச்சம்தான்.

கடைசியாக, பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. கல்யாணத்துக்குப் புக் செய்யும்போதே ஆர்டர் ஃபாரத்தில் 'தோல் நிறத்தை மாற்றக் கூடாது' என்று எழுதச் சொல்லுங்கள். கேமரா பதிவுசெய்த மூலப் படங்களான ரா ஃபைல்களை ஆல்பம் கைக்கு வரும்வரை அழிக்க வேண்டாம் என்று கேளுங்கள். அச்சுக்குப் போகும் முன் பத்துப் படங்களைக் கேட்டு வாங்கி, முகமும் கழுத்தும் கையும் ஒரே நிறத்தில் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அச்சடித்த பிறகு எங்களிடம் வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.