யாரோ அருகில் நின்ற உணர்வு: கடவுள் அனுபவத்தை எப்படி எடைபோடுவது?

"நேற்றிரவு கடவுள் என் அருகில் நின்றார்" என்று ஒருவர் சொல்கிறார். அவர் பொய் சொல்பவர் அல்லர் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று செய்திகள் இருக்கின்றன. அவர் ஏதோ ஒன்றை உணர்ந்தார். அதைக் கடவுள் என்று இனம்கண்டார். அது தம் மனத்துக்கு வெளியேயும் இருந்தது என்கிறார். அறிவு எப்படிப் பிறக்கிறது என்று ஆராயும் நம் அளவை நூல்கள் (தருக்க நூல்கள்) இந்தப் பிரிவை நெடுங்காலம் முன்பே செய்துவிட்டன. பெயரும் வகையும் ஒட்டுவதற்கு முந்தைய வெறும் உணர்வு நிர்விகற்பக் காட்சி. "இது இன்னது" என்று தெளிந்த பிறகு அது சவிகற்பக் காட்சி. கயிறு பாம்பாகத் தெரிவது திரிவுக் காட்சி. பிழை பெரும்பாலும் நுழைவது முதல் படியில் அல்ல, பெயர் வைக்கும் படியில்தான்.

முதல் படியை ஆய்வகத்தில் உண்டாக்கவே முடிகிறது. 2014-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நரம்பியல் ஆய்வாளர் ஓலாஃப் பிளாங்கே குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டவர் முன்னாலுள்ள கருவியை விரலால் அசைக்கிறார். பின்னாலிருக்கும் ரோபோ அதே அசைவை அவர் முதுகில் தொட்டுக் காட்டுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால், தம் முதுகைத் தாமே தொடுவதுபோல இருக்கிறது. தொடுதலை அரை நொடி தாமதப்படுத்தியதும் முதுகுக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதாகச் சிலர் உணர்ந்தார்கள். உடலின் இருப்பை மூளை ஓயாமல் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கு பிசகும்போது சொந்த உடலே இன்னொருவராகத் தோன்றுகிறது.

பெயர் வைக்கும் படிக்கு 'கடவுள் ஹெல்மெட்' நல்ல பாடம். நரம்பியல் ஆய்வாளர் மைக்கேல் பெர்சிங்கர் இந்தக் கவசத்தின் வழியே தலையின் பக்கவாட்டில் மிக மெல்லிய காந்தப்புலங்களைச் செலுத்தி, பலருக்கு ஓர் இருப்பை உணரச் செய்ததாகச் சொன்னார். 2005-இல் ஸ்வீடனில் உளவியலாளர் பெஹ்ர் கிரான்க்விஸ்ட் குழு அதை 89 பேரிடம் மறுபடி சோதித்தது. காந்தம் ஓடுகிறதா இல்லையா என்பது சோதிப்பவருக்கும் தெரியாது, சோதிக்கப்படுபவருக்கும் தெரியாது. காந்தத்தால் எந்த வேறுபாடும் வரவில்லை. யாருக்கு அனுபவம் வரும் என்பதைக் காட்டியது அவரவரின் கருத்தேற்புத் தன்மை, அதாவது பிறர் சொல்வது எவ்வளவு எளிதாக அவருக்குள் ஏறும் என்பது. எதிர்பார்ப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது.

"ஆனால் அது அவ்வளவு உறுதியாக இருந்ததே!" என்பார்கள். உறுதி என்பது தனி உணர்வு. அது உண்மையோடு கூடவே வரும் என்பதில்லை. 1986-இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, செய்தியை எங்கே, எப்படிக் கேட்டோம் என்று மாணவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரை உளவியலாளர்கள் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மறுபடி கேட்டார்கள். கால்வாசிப் பேரின் விடை முக்கியமான எல்லா விவரத்திலும் மாறியிருந்தது. இருந்தும் பலர் தங்கள் நினைவை அழுத்தமாக நம்பினார்கள். பல ஆண்டு கழித்துச் சொல்லப்படும் தரிசனக் கதையை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது. மனப்பூர்வமாகச் சொல்பவரின் நினைவும் மாறியிருக்கக்கூடும்.

அப்படியானால் எல்லாம் மூளையின் வேலைதானே என்று முடித்துவிடலாமா? கூடாது. இந்த அவசரம் எதிர்த்தரப்பின் பிழை. மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியான பார்வைப் புறணியை மின்சாரத்தால் தூண்டினால் ஒளிப்புள்ளிகள் தெரியும். அதனால் அறையில் விளக்கு இல்லை என்று ஆகிவிடாது. உண்மையான விளக்கைப் பார்க்கும்போதும் வேலை செய்வது மூளைதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பொருள் இல்லாவிட்டாலும் இதே அனுபவம் வந்திருக்குமா? விளக்கை அணைத்துப் பார்த்து இதற்கு விடை சொல்லலாம். கடவுளை அப்படி 'அணைத்து' வைத்து ஒப்பிட வழியில்லை. தத்துவவாதி ரிச்சர்ட் ஸ்வின்பர்ன், ஐயப்படக் காரணம் இல்லாதவரை தோன்றியபடியே இருக்கிறது என்று ஏற்பதுதான் நியாயம் என்றார். அதை ஏற்றுக்கொண்டாலும், ஐயப்படக் காரணம் உண்டா என்று தேடும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

தேடும் வழி கடினமானதல்ல. அனுபவம் வந்த ஒரு மணி நேரத்துக்குள், யாரிடமும் சொல்வதற்கு முன், எழுதிவிட வேண்டும். முதலில் 'கடவுள்' என்ற சொல்லே இல்லாமல்: எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், ஒலி இருந்ததா, கண் திறந்திருந்ததா, மல்லாந்து படுத்திருந்தோமா. அதற்குப் பிறகே அதை என்னவென்று எடுத்துக்கொண்டோம் என்பதை எழுதலாம். தூங்கப் போகும்போதோ விழிக்கும்போதோ உடல் அசையாமல், நெஞ்சில் பாரத்தோடு யாரோ அறையில் நிற்பதாகத் தோன்றினால், அது பெரும்பாலும் தூக்க முடக்கம். தூக்கம் கெட்ட நாட்களில் இது அதிகம் வரும். திடீரென்று தொடங்கி, சில நொடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ முடிந்து, ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வரும் பேரானந்தம் ஒருவகை வலிப்பாக இருக்கக்கூடும்; நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல், நீண்ட பட்டினி, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். துணையை இழந்தவர்கள் இறந்தவரின் இருப்பை உணர்வது மிகச் சாதாரணம்: 1971-இல் வெளியான வேல்ஸ் ஆய்வில் 293 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இறந்தவரின் இருப்பை உணர்ந்ததாகவோ, அவரைக் கண்டதாகவோ, அவர் குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். அது மனநோய் அல்ல.

பலர் ஒன்றாகக் கண்டதாகச் சொன்னால், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு முன்பே தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். பேசிவிட்டால் பத்துச் சாட்சிகளும் ஒரே சாட்சிதான். வரப்போவதைப் பற்றி ஏதாவது சொல்லப்பட்டிருந்தால், அதைத் தேதியிட்டு இன்னொருவரிடம் முன்கூட்டியே கொடுத்துவைப்பது நல்லது. அனுபவத்துக்குப் பிறகு ஒருவர் குடியை விட்டார், பகையை மறந்தார் என்றால் அந்த மாற்றம் உண்மை, மதிக்கத்தக்கது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை அந்த மாற்றமே சொல்லிவிடாது.